தளர்வு வேணுமாம், தளர்வு!

வாடா தம்பி, உக்காரு. கட்டில் ஓரத்துல உக்காராத, நடுவுக்கு வா. கயிறு தளந்து கெடக்குது. போன மாசம் உன்னாட்டம் ஒருத்தன் வந்து ஓரத்துல உக்காந்து, மல்லாக்க வுழுந்து, எழுந்து போறப்ப என்னைத்தான் மொறைச்சிட்டுப் போனான்.

கையில இன்னா அது, இம்மாம் பெரிய ஃபைலு? ஓ, தாத்தா வூட்டைப் புதுப்பிக்கப் போறியா. நல்ல காரியம். படத்தைக் காட்டு. முன்னாண்ட இன்னாடா இது, கோட்டைவாசலாட்டம் நாலு தூணு? எலிவேஷனா? எதைத் தாங்குது அந்தத் தூணு? ஒண்ணையும் தாங்கலியா? சரி, கல்யாண வூட்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கினு வாசல்ல நிப்பான் பாரு ஒருத்தன், ஒரு எலை எடுக்க மாட்டான், அவனாட்டம் நிக்கட்டும். மாடி மேல கண்ணாடி ரூமு எதுக்கு? கடலைப் பாக்கவா? ஏண்டா, ரோட்டைத் தாண்டி நடந்து போயிப் பாத்தா கடல் வேணாம்னா சொல்லும்?

இப்ப இன்னா சிக்கல்? விதியில தளர்வு வேணுமா? நீ கேட்டு வந்த எடத்தைப் பாரு! எனக்கு வயசு எழுவத்தெட்டு. முட்டியில தளர்வு, பல்லுல தளர்வு, கண்ணுல தளர்வு. மூட்டை மூட்டையா இருக்குது, வேணுங்கறதை அள்ளிக்கினு போ.

சிரிக்காத. இன்னா விதியில தளர்வு கேக்கற, அதைச் சொல்லு. நாலு விதி இடிக்குது, ஆனா ஒண்ணுதான் பெருசா உறுத்துதா? பக்கத்து வூட்டுக்கும் உன் வூட்டுக்கும் நடுவுல ஒரு மீட்டர் சந்து வுடணும்னு இன்ஜினியர் சொல்றாரு. நீ அந்தச் சந்தைச் சேத்து இழுத்துக் கட்டிட்டா சமையல் ரூமு மாடுலர் ஆயிடும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். உனக்குக் கூடம் நேராத்தான் இருக்குது, சட்டம்தான் கோணலாத் தெரியுது.

முதல்ல ஒண்ணு கேளு. நீ தளர்வுன்னு ஓடறதுல பாதிக்குத் தளர்வே வேணாம். என் பேத்தி சிவில் படிச்சவ. 2019-ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை மூச்சு வுடாம ஒப்பிப்பா. அவளைக் கேட்டேன். வெள்ளை அடிக்கறதுக்கும், பூசறதுக்கும், தரைக் கல்லு மாத்தறதுக்கும், பழைய ஓட்டைப் பிரிச்சிப் புது ஓடு வேயறதுக்கும் யாராண்டயும் போயி நிக்க வேணாமாம். நீ இன்னா பண்ணியிருக்க? டைல்ஸ் மாத்த அனுமதி கேட்டு மனு எழுதி வச்சிருக்க! அந்த ஆபீஸ்ல உக்காந்துக்கினு இருக்கறவன் இன்னா நெனைப்பான்? கோமணம் கட்டறதுக்கும் கலெக்டரைக் கேப்பான் போலருக்கேன்னு நெனைக்க மாட்டான்?

மாடி எழுப்பறதுக்கு அனுமதி வேணும், அது நெசம். அதுக்கும் இப்ப வழி வந்திருக்குது. 2024 ஜூலை 22-ந் தேதி சுயசான்று முறையைத் தொடங்குனாங்க. மனை 2,500 சதுர அடிக்குள்ள, கட்டறது 3,500 சதுர அடிக்குள்ள, தரையும் ஒரு மாடியும்னா, கம்ப்யூட்டர்ல நீயே உறுதி குடுத்து, பணம் கட்டி, உடனே அனுமதியை எடுத்துக்கலாம். ஆளு வந்து எடம் பாக்கறதுக்கு மாசக் கணக்கா காத்துக்கெடக்க வேணாம். எங்க காலத்துல இது இருந்திருந்தா நான் ரெண்டு ஜோடி செருப்பு மிச்சம் பண்ணியிருப்பேன்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். ஒரு ஆபீஸ்ல ஒரு கக்கூஸ் ரூமுக்கு மனு குடுத்தேன். பதினோரு மாசம் தூங்குச்சு. கடைசியில திருப்பி அனுப்பினாங்க. இன்னா குத்தம்? படத்துல வடக்கு எந்தப் பக்கம்னு அம்புக்குறி போடலியாம். ஏன்யா, நான் உப்பளத்துல பொறந்து வளந்தவன், கடலைப் பாத்து நின்னா எடது கைப்பக்கம் வடக்கு, இதுக்கு அம்பு எதுக்குன்னு கேட்டேன். அம்பு போட்டுக் குடுத்தேன், மறுநாளே முத்திரை வுழுந்துச்சு. அம்பு இல்லாதவன் கையில வில்லு இருந்து இன்னா பிரயோசனம்! அதனால ஆபீஸ்காரன்லாம் உத்தமன்னு நான் சொல்ல வரலடா. அவங்க பண்ற கூத்தும் எனக்குத் தெரியும்.

ஆனா அந்த சுயசான்றுலயும் ஒரு விஷயம் இருக்குது. பேரைப் பாரு. சுய சான்று. விதிப்படிதான் கட்டறேன்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுக்கற. அப்புறம் சந்தை முழுங்கிக் கட்டினா, பொய் சொன்னவன் யாரு? பில்லுக்கலெக்டரா? அதுக்கு முன்னால பட்டாவைப் பாத்தியா? இன்னும் தாத்தா பேருலதான் இருக்குது. தாத்தா போயி இருவது வருஷம் ஆவுது. அவரா வந்து ஓ.டி.பி. சொல்வாரு?

சரி, அந்த ஒரு மீட்டரைப் பேசுவோம். அதுக்குத்தான வந்த.

உன் தாத்தா கட்டினப்ப எந்த வரைபடமும் கெடையாது. எந்த இன்ஜினியரும் கெடையாது. ஆனா சந்து வுட்டாரு. ஏன் தெரியுமா? எறவாணத் தண்ணி. கூரையிலருந்து வடியற தண்ணி அவனவன் மண்ணுலதான் வுழணும். அடுத்தவன் செவுத்துல வடிஞ்சா ஊர்ப் பஞ்சாயத்துல நிக்கணும். அதுக்கோசரம் கூரை எவ்வளவு நீட்டுதோ அதுக்கும் ஒரு சாண் மேல எடம் வுட்டுத்தான் செவுரு எழுப்புவாங்க. தெரு அகலத்துக்கு இன்னா கணக்கு? எதுக்கெதுக்க ரெண்டு வண்டி வந்தா ஒதுங்கணும், பாடை திரும்பணும். எந்த கெஜட்ல போட்டான் இதை? மீட்டர், சென்டிமீட்டருன்னு எழுதலியே தவிர, எல்லாம் இருந்துச்சுடா. அதைத்தான் இப்ப செட்பேக்குன்னு இங்கிலீஷ்ல சொன்னவுடனே உனக்குக் கசக்குது.

உப்பளத்துல ஒரு நாளு வந்து பாரு. மரக்காணம் பக்கம் போறப்ப பஸ்ஸுலருந்து வெள்ளை வெளேர்னு ஃபோட்டோ புடிக்கற இல்ல, எறங்கிப் பாரு. கழிமுகத் தண்ணி வாய்க்கா வழியா வந்து ஒரு பாத்தியில நிக்கும். அங்க வெயிலு கொஞ்சம் குடிச்சதும் அடுத்த பாத்திக்குப் போவும். அப்படியே கெட்டிப்பட்டு கெட்டிப்பட்டு, கடைசிப் பாத்தியிலதான் உப்பு பூக்கும். நடுவுல ஒருத்தன் எனக்கு எடம் பத்தலைன்னு வாய்க்காலைக் குறுக்கி வரப்பைத் தள்ளிப் போட்டா இன்னா ஆவும்? அவனுக்கு நாலடி கூடும். அவனுக்குக் கீழ இருக்கறவனுக்கு உப்பே எறங்காது. மழை வந்தா அவன் பாத்தியே முதல்ல கரையும், ஏன்னா தண்ணி வெளிய போவ வாய்க்கா இல்ல. மூணாங்கிளாஸ் தாண்டாத ஆளுங்களுக்கு இது தெரியும். நீ எம்.பி.ஏ.

என் கதையையும் கேளு, ஊர்ல யாராவது சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிடறேன். 2008-ல பெரியவனுக்குக் கல்யாணம். மருமவ வர்றா, கக்கூஸோட குளிக்கற ரூமு வேணும். எங்க போடறது? சந்து சும்மாத்தான கெடக்குதுன்னு நெனைச்சேன். பங்காளி செவுத்துலயே என் செவுத்தை ஒட்டி, மேல சிமெண்டு ஷீட்டைப் போட்டு மூடிட்டேன். பங்காளி கேட்டான். ஒரு அடிக்கு ஒரு பாட்டமா அழுவறன்னு எகத்தாளம் பேசினேன். பேச்சு நின்னு போச்சு. ஆளு போனா போறான், ரூமு வந்துச்சேன்னு இருந்தேன்.

2011 டிசம்பர் 30. தானே புயல். உனக்கு அப்ப மீசை மொளைச்சிருக்காது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறுச்சு. ராத்திரி பூரா காத்து, காலையில மழை. கொல்லைப்பக்கத்துத் தண்ணி வழக்கமா சந்து வழியா தெருவுக்கு ஓடும். சந்துலதான் நான் கக்கூஸ் தொட்டி வச்சிட்டேனே! தண்ணி திரும்பி நேரா எங்க சமையக்கட்டுக்கு வந்துச்சு. உங்க ஆயா அம்மிமேல ஏறி நின்னுக்கினு, அரிசிப் பானையைத் தலையில வச்சிக்கினு என்னைத் திட்டினா பாரு, அந்தத் திட்டுல புயலே அடங்கிப் போச்சு. அவ சொன்னதுல பாதியை உனக்குச் சொல்ல முடியாது. மீதியில ஒண்ணு: ‘பங்காளி வூட்டை அடைக்கறேன்னு உன் வாயையே அடைச்சிக்கிட்டியேய்யா!’

இப்ப மெட்ராஸுக்கு வா. அங்க ஒரு காலத்துல தளர்வு, சத்திரத்துச் சோறாட்டம் கெடைச்சுது. 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்குது. அதுல 113-ன்னு ஒரு பிரிவு. அரசாங்கம் மனசு வச்சா எந்தக் கட்டடத்துக்கும் விதியிலருந்து விலக்கு குடுக்கலாம். நல்ல எண்ணத்துலதான் வச்சிருப்பான். நியாயமா ஒருத்தன் மாட்டிக்கினா வுடறதுக்கு. இன்னா ஆச்சு? 1987 ஜூலையிலருந்து அடுத்த ஜனவரிக்குள்ள 62 அரசாணை. அடுக்குமாடிக்காரங்களுக்கு எடம் வுடறதுலயும் உயரத்துலயும் விலக்கு மேல விலக்கு. கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப்புன்னு ஒரு அமைப்பு கோர்ட்டுக்குப் போச்சு. 2000-ல உச்ச நீதிமன்றம், அந்தப் பிரிவு இருந்துட்டுப் போவட்டும், ஆனா அதை வச்சி இப்படி வாரி எறைச்சது முறையில்லன்னு சொல்லிட்டுது.

அது ஒரு பக்கம். அதுக்கு நடுவுலயே 113-ஏ-ன்னு இன்னொண்ணு கொண்டாந்தாங்க. விதியை மீறிக் கட்டிட்டியா? பணம் கட்டு, வரன்முறை பண்ணித் தர்றோம். 1999 பிப்ரவரி 28-க்குள்ள கட்டினதுக்கு மட்டும். ஒரே ஒரு தரம்தான், அதுக்கப்புறம் கெடையாது. தம்பி, ஒரே ஒரு பஜ்ஜின்னு சொல்லிட்டு டீக்கடைக்குப் போனவனைப் பாத்திருக்க இல்ல? அதே கதைதான். தேதி 2000-க்குப் போச்சு. 2001-க்குப் போச்சு. 2002-க்கும் போச்சு. 2006-ல சென்னை உயர் நீதிமன்றம் பஜ்ஜித் தட்டைப் புடுங்கி வச்சி, முதல் தரம் சரி, பின்னால நீட்டினது செல்லாதுன்னுட்டுது. அப்புறம் நின்னுச்சான்ற? 113-சி-ன்னு ஒண்ணு வந்துச்சு. இப்ப தேதி 2007 ஜூலை 1. எடத்தைக் குடுத்தா மடத்தைப் புடுங்கறதுன்னு பெரியவங்க சொன்னது இதைத்தானோ இன்னாவோ.

இதுல ஒழுங்கா எடம் வுட்டுக் கட்டினவன் இருக்கான் பாரு, அவன்தான் பைத்தியக்காரன் மாதிரி வேடிக்கை பாத்துக்கினு நின்னான். அவனுக்கு ஒரு ரூமு கம்மி. உனக்கு இன்னிக்குத் தளர்வு குடுத்தா, நாளைக்கு உன் பங்காளிக்கும் குடுக்கணும் இல்ல? அவன் அந்தாண்டயிருந்து ஒரு மீட்டர் வந்தான்னா உன் மாடுலர் கிச்சன் ஜன்னலு அவன் கக்கூஸ்ல போயித் தொறக்கும். அப்ப யாராண்ட மனு குடுப்ப?

ஃபைல்ல கடைசியில இது இன்னா இன்னொரு படம்? கடலோரத் தோப்புல ஹோம் ஸ்டேவா? இதை எங்க ஒளிச்சி வச்சிருந்த? எவன்டா உனக்கு யோசனை சொன்னது? ஈ.சி.ஆர். ரோட்டுல காருல வர்ற சிநேகிதனா? டேய், அது வேற சட்டம்டா. உன் சுயசான்றை வச்சிக்கினு அங்க ஒரு கல்லு நட முடியாது. கடற்கரை ஒழுங்குமுறை விதியை 1991-லயே மத்திய அரசு போட்டுட்டுது. 2011-லயும் 2019-லயும் மாத்தி எழுதினாங்க. நம்மளாட்டம் கிராமத்துக் கரைன்னா, அலை ஏறி வர்ற உச்சக் கோட்டுலருந்து 200 மீட்டருக்குள்ள புதுசா எழுப்பக் கூடாதுன்றதுதான் ரொம்ப நாளாக் கணக்கு. ஜனம் நெருக்கமா இருக்கற ஊருக்கு மட்டும் 2019-ல 50 மீட்டருன்னு குறைச்சாங்க. அனுமதியோட முன்னயே நிக்கற வூட்டைப் பழுது பாத்துக்கலாம், அடித்தளம் பெருசாவக் கூடாது.

2004 டிசம்பர் 26 சுனாமி உனக்கு நெனைப்பிருக்காது. நம்ம கரையோரக் குப்பத்துல செவுரு நின்ன வூடே கொறைச்சல். அடுத்த மார்ச்சுல அரசாணை போட்டாங்க: 200 மீட்டருக்குள்ள இருந்தவங்களுக்கு அந்தாண்டதான் புது வூடு கட்டித் தருவோம். வர மாட்டேன்னா இருக்கற வூட்டை நீயே பழுது பாத்துக்க, சர்க்கார் பணம் கெடையாது. கட்டுமரக்காரன் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. நான் அரை பர்லாங்கு தள்ளிப் போயிட்டா என் வலையை யாரு பாப்பா, படகை யாரு காவல் காப்பான்னு கேட்டான். அவன் தளர்வு கேட்டா அதுல ஒரு பொழப்பு இருக்குது. நீ கேக்கறதுல இன்னா இருக்குது? ஞாயித்துக்கெழமை ஃபோட்டோ.

பணம் நிறைய இருக்கறவனும் இதுல மண்ணைக் கவ்வியிருக்கான். கொச்சி பக்கத்துல மரடுன்னு ஒரு ஊரு. காயலோரத்துல நாலு அடுக்குமாடி, முன்னூறுக்கும் மேல வூடு. கடற்கரை விதியை மீறிக் கட்டினதுன்னு 2019-ல உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொல்லிட்டுது. 2020 ஜனவரி 11, 12, ரெண்டே நாளு. வெடி வச்சாங்க. டி.வி.யில பாத்தேன். பொங்கலுக்கு முந்தின வாரம், வூட்ல கரும்பு கடிச்சிக்கினு இருந்தோம். ஒரு கடி கடிக்கறதுக்குள்ள பத்தொம்பது மாடி உக்காந்து போச்சு.

இன்னொண்ணு சொல்றேன், இதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு மீட்டரை மிச்சம் புடிக்க நீ ஆறு மாசமா அலையற. உன் கொத்தனாரு கம்பிக்கு மேல எவ்வளவு கனம் கான்கிரீட்டு குடுக்கறான்னு ஒரு நாளாவது பாத்தியா? ஐ.எஸ். 456-ன்னு ஒரு பொஸ்தகம் இருக்குதாம், பேத்தி காட்டினா. நம்மளாட்டம் உப்புக்காத்து அடிக்கற கரையில, கம்பிக்கும் வெளிக்காத்துக்கும் நடுவுல 45 மில்லிமீட்டர் இருக்கணும்னு போட்டிருக்குது. ஏறக்குறைய ரெண்டு இஞ்சு. கலவையும் எம்-30-க்குக் கொறையக் கூடாதாம். உன் கொத்தனாரு இன்னா வைக்கறாரு? முக்கா இஞ்சு கவர் பிளாக்கு. அதுவும் பாதி எடத்துல ஒடைஞ்ச ஜல்லியைத் தூக்கி வச்சிட்டுப் பீடி பத்த வைக்கறாரு. நம்ம ஊரு காத்து வூட்டுப் பூட்டையே ரெண்டு வருஷத்துல தின்னுடுது. கம்பியைச் சும்மா வுடுமா? உள்ள துரு ஏறி, கம்பி பருத்து, சீலிங்கு சட்டி சட்டியா பேந்து வுழும். நீ ஆசையா வாங்கின சோபா மேல. இந்த விதியிலருந்து தளர்வு கேட்டு நீ மனு குடுக்கலியே? ஏன்னா இப்படி ஒரு விதி இருக்கறதே உனக்குத் தெரியாது. யாரும் கேக்காமலே, பைசா வாங்காமலே, கொத்தனாரு உனக்குத் தளர்வு குடுத்துட்டாரு! ஆபீஸ்காரன் குடுக்காத தளர்வைப் பத்தித்தான் உனக்குக் கோவம்.

பாக்காம வுடறதுன்னதும் ஒரு மழைநீர்த் தொட்டி ஞாபகம் வருது. 2003-ல எல்லா வூட்லயும் வைக்கணும்னு சட்டம். எங்க தெருவுல ஒருத்தன் மொட்டை மாடியிலருந்து அழகா நீலக் குழாய் எறக்கினான். கீழ குழியே தோண்டல. குழாய் நேரா சிமெண்டுத் தரையில முட்டிக்கினு நின்னுச்சு. பாக்க வந்தவரு மேல பாத்தாரு, கீழ பாக்கல, டிக் அடிச்சிட்டுப் போயிட்டாரு. ரெண்டு பேருக்கும் சந்தோஷம். தண்ணிக்குத்தான் எங்க போறதுன்னு தெரியல.

எடம் பத்தல, எடம் பத்தலன்ற. நம்ம ஊரு முகாமுக்குப் போயிருக்கியா? இலங்கையிலருந்து வந்த ஜனம். மறுவாழ்வு முகாம்னு இப்ப பேரை மாத்தியிருக்காங்க. பத்துக்குப் பத்து அறையில புருசன், பொண்டாட்டி, வயசுக்கு வந்த பொண்ணு, பாட்டி, தையல் மிசினு. வருசக் கணக்கா. பழைய வூடுங்களை இடிச்சிட்டுத் தமிழ்நாடு பூரா 7,469 புது வூடு கட்டறோம்னு 2021 நவம்பர்ல வேலூர் மேல்மொணவூர்ல தொடங்குனாங்க. உன் படத்துல செருப்பு வைக்கறதுக்கு மட்டும் ஒரு ரூமு போட்டிருக்க. அளவு பாத்தேன். எட்டுக்கு எட்டு. நான் ஒண்ணும் சொல்லல.

சிறுகக் கட்டிப் பெருக வாழுன்னு உங்க தாத்தா அடிக்கடி சொல்வாரு. அவரு சொல்றப்ப நானும் சிரிச்சிருக்கேன், பணம் இல்லாதவன் பேச்சுன்னு.

நம்ம மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலாண்ட காடு இருக்குது பாரு. சுத்தி எல்லாம் மனையாப் போயிட்டுது, அது நிக்குது. எங்க அப்பன் காலத்துல அதுல ஒரு சுள்ளி ஒடைக்க மாட்டாங்க. அடுப்புக்கு வெறகு இல்லாத வூடு எத்தனையோ இருந்துச்சு, ஒருத்தனும் அய்யனாராண்ட போயி எனக்கு மட்டும் ஒரு கெளை தளர்வு குடுன்னு கேக்கல. குதிரை மேல உக்காந்திருக்கறவரு மனு வாங்க மாட்டாருன்னு தெரியும்.

என் சந்து இன்னா ஆச்சுன்னு நீ கேக்கல. பரவால்ல, சொல்றேன். 2012 தை மாசம் நானே கடப்பாரையை எடுத்து அந்த ரூமை இடிச்சேன். மருமவளுக்குக் கொல்லைப்பக்கம் வேற ரூமு போட்டோம், அம்புக்குறி போட்டு அனுமதி வாங்கி. 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் நம்ம தலைமேலயே வந்து உக்காந்துக்கினு நகர மாட்டேன்னுச்சு. மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை. உப்பளமெல்லாம் கடலாப் போச்சு, சேத்து வச்ச உப்பு கரைஞ்சி ஓடுச்சு. டார்ச் லைட்டை எடுத்துக்கினு சந்தைப் பாத்தேன். தண்ணி முட்டி அளவுக்குச் சலசலன்னு தெருவுக்கு ஓடிக்கினு இருந்துச்சு. அந்தாண்ட பங்காளியும் அவன் டார்ச்சை வச்சிக்கினு அதையேதான் பாத்துக்கினு நின்னான். பேசல. வெளிச்சத்தை மட்டும் ஒரு தரம் என் மூஞ்சியில அடிச்சிட்டு உள்ள போயிட்டான்.

நாளைக்குக் காலையில டேப்பை எடுத்துக்கினு வா. ஃபைலு வேணாம். உன் கொத்தனாரையும் கூட்டிக்கினு வா, அந்தக் கவர் பிளாக்கைக் கையில எடுத்துக்கினு வரச் சொல்லு, பேத்தி பாக்கணுமாம். முதல்ல சந்தை அளப்போம், அப்புறம் மத்ததைப் பேசலாம். போறதுக்கு முன்னால இந்தக் கட்டில் கயிறை மட்டும் கொஞ்சம் இழுத்துக் கட்டிட்டுப் போடா தம்பி, உனக்குத்தான் கையில வலு இருக்குது.